கொழும்பில் வியட்நாம், தாய், கொரிய, சீனச் சாப்பாடு: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் கொழும்பு வந்தவர்கள் முதல் சில மாதம் வெள்ளவத்தைச் சைவக் கடை, கொத்து ரொட்டி, பிரைட் ரைஸ் என்று சுற்றிவிட்டு, பிறகு நண்பர்களோடு ஒரு வியட்நாம் கடைக்கோ கொரியக் கடைக்கோ போவார்கள். சங்கடமும் அங்கேதான் தொடங்கும். மெனு விளங்காது. மாட்டிறைச்சி சாப்பிடாதவருக்கு மாட்டெலும்பு சூப் வந்து நிற்கும். கையிலுள்ள காசுக்குக் கணக்குப் பார்த்து ஓடர் செய்திருப்பார்கள், பில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வரும். மூன்றுமே முன்கூட்டிக் கேட்டால் தவிர்க்கக் கூடியவை. எதை, யாரிடம், எப்போது கேட்பது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1. எங்கே தேடுவது

காலி வீதி, டூப்ளிகேஷன் வீதி, மரைன் ட்ரைவ், ஹவ்லொக் வீதி ஆகிய நான்கையும் அவற்றுக்கு இடைப்பட்ட ஒழுங்கைகளையும் பாருங்கள். நடுத்தர விலையிலுள்ள வெளிநாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் கொள்ளுப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில்தான் அதிகம். 100, 101 இலக்க பஸ்கள் காலி வீதியால் போகும். கரையோர ரயிலில் வந்தால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று மூன்று ஸ்டேஷன்களும் கடலோரத்திலேயே இருக்கின்றன, இறங்கி நடக்கலாம்.

மலாய்ச் சாப்பாட்டுக்குக் கொம்பனித்தெருப் பக்கம் போங்கள். நாசி கொரெங் (மலாய் பிரைட் ரைஸ்), சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி), பாபத் (மாட்டுக் குடல்) எல்லாம் சின்னக் கடைகளில் வீட்டுக் கைப்பக்குவத்தோடு கிடைக்கும். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சாப்பிட வேண்டுமென்றால் கொழும்பு சிற்றி சென்டர், வன் கோல் பேஸ் போன்ற பெரிய கட்டடங்களின் புட் கோர்ட்டுக்குப் போவது சுலபம். அங்கே நீங்களே எடுத்து வந்து சாப்பிடுவதால் பெரும்பாலும் சேவைக் கட்டணம் இருக்காது.

கடையைத் தெரிவு செய்யும்போது அலங்காரத்தை விட்டுவிட்டு மெனுவின் நீளத்தைப் பாருங்கள். ஒரே கடை வியட்நாம், தாய், ஜப்பான், இத்தாலி எல்லாம் போடுகிறது என்றால் எதுவும் அதன் சொந்த ருசியில் வராது. சூப் ஒன்றை ஒழுங்காகக் காய்ச்சவே பல மணி நேரம் பிடிக்கும். இருபது, முப்பது சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்ட கடையை நம்பலாம்.

2. போகும் நேரம்

இந்தக் கடைகளில் பல, பகல் மூன்று மணியளவில் அடுப்பை நிறுத்திவிட்டு மாலை ஆறு, ஆறரைக்குத்தான் திரும்பத் திறக்கும். கூகிள் மப்பில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் போன் அடித்து, "கடைசி ஓடர் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். திறந்திருக்கும் நேரமும் ஓடர் எடுக்கும் நேரமும் வேறு வேறு. பத்து மணிக்குப் பூட்டும் கடை ஒன்பதரைக்கே குசினியை நிறுத்திவிடலாம்.

வார நாட்களில் 12.30 முதல் 1.30 வரை அலுவலகக் கூட்டம். 11.45க்குப் போனால் மேசையும் கிடைக்கும், பதில் சொல்ல வெயிட்டருக்கு நேரமும் இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த நேரம்தான் நல்லது. கூட்டத்தில் போய் நின்று "சூப்பில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும்.

மதியச் செட் மெனு இருக்கிறதா என்றும் போனிலேயே கேளுங்கள். இரவில் தனித்தனியாக விலை போடும் அதே சாப்பாட்டைச் சில கொரிய, ஜப்பானியக் கடைகள் பகலில் சூப்போடும் பக்கக் கறிகளோடும் ஒரே விலைக்குத் தரும்.

நாட்களையும் கவனியுங்கள். வெள்ளி நண்பகலில் ஜும்மா தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் கொஞ்ச நேரம் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் மூடி, நோன்பு துறக்கும் நேரத்திலிருந்து நிரம்பி வழியும். சீனர்கள் நடத்தும் கடைகள் சீனப் புத்தாண்டுக்கும், பெரும்பாலான மற்றக் கடைகள் சித்திரைப் புத்தாண்டுக்கும் மூடப்படலாம். போயா தினத்தில் கடைகளில் மதுபானம் விற்கமாட்டார்கள். மற்ற நாட்களிலும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்பதால் இளம் வயதினர் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

3. விலையைக் கணக்கிடுவது

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். மெனுவின் கடைசிப் பக்க அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். விலைக்குப் பக்கத்தில் ++ என்று இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தாலும் அர்த்தம் அதுவேதான்: சேவைக் கட்டணமும் வரியும் விலையில் சேரவில்லை.

சேவைக் கட்டணம் வழமையாக 10 சதவீதம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 2,000 ரூபாய் என்று மெனுவில் இருக்கும் ஒரு கிண்ணத்துக்குச் சேவைக் கட்டணம் 200, வற் 360, மொத்தம் 2,560. சில கடைகள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு வற் போடும், அப்போது 2,596. இவற்றோடு 2.5 சதவீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியையும் தனியாகக் காட்டும் பில்களும் உண்டு. எல்லாம் சேர்ந்தால் மெனு விலையின் 1.33 மடங்குக்கு வந்து நிற்கும்.

ஆகவே ++ போட்ட கடையில் மெனுக் கூட்டுத்தொகையை 1.3 ஆல் பெருக்கிப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து 9,000 ரூபாய்க்கு ஓடர் செய்தால் கையில் 11,700 இருக்க வேண்டும், இன்னொரு 300 கூடுதலாக வைத்திருந்தால் நிம்மதி. கையில் 8,000தான் என்றால் அதை 1.3 ஆல் பிரியுங்கள்: மெனுவில் ஏறக்குறைய 6,100 வரை ஓடர் செய்யலாம்.

வற் பதிவு இல்லாத சின்னக் கடை வற் அறவிட முடியாது. பில்லில் வற் என்று ஒரு தொகை இருந்தால் அதே பில்லில் பதிவு இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காசாளரிடம் மரியாதையாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

உட்கார்ந்த உடனே கேட்க வேண்டிய கேள்வி: "விலையில் எல்லாம் சேர்ந்திருக்கா, மேலதிகமா வருமா?" இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களும் கேட்கிறார்கள்.

4. சூப், சோஸ், எண்ணெய்: ஓடருக்கு முன் மூன்று கேள்விகள்

நமது ஆட்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள், பன்றி தொடாதவர்கள், வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், முழுச் சைவம் என்று ஒரே மேசையில் நாலு விதம் இருக்கும். மெனுவில் "மரக்கறி" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் மேலே போடும் துண்டுகளைப் பற்றியது. அடியில் இருக்கும் தண்ணீரையும் சோஸையும் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

முதல் கேள்வி: சூப் எதில் காய்ச்சியது? வியட்நாமின் ஃபோ சூப்பில் இரண்டு பெரிய வகை. ஃபோ போ மாட்டெலும்பில், ஃபோ கா கோழியில். கோழி ஃபோவுக்குக் கோழிச் சூப்தான் முறை. ஆனால் சின்னக் குசினியில் ஒரே மாட்டுச் சூப்பை வைத்துக்கொண்டு மேலே கோழியையோ மரக்கறியையோ போட்டுத் தருவதும் நடக்கும். "கோழி ஃபோவா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "தண்ணி எந்த எலும்பில வைச்சது?" என்று கேளுங்கள். ஹூவே நகரத்து உறைப்பான நூடில்ஸ் சூப்பான புன் போ ஹூவேயில் மாடும் பன்றியும் இறால் விழுதும் மூன்றும் இருப்பதே வழக்கம்.

இரண்டாவது: சோஸ் என்ன? வியட்நாமிலும் தாய்லாந்திலும் உப்புக்குப் பதிலாக மீன் சோஸ். தாய்க் கறி விழுதில் இறால் விழுது அரைத்தே சேர்ந்திருக்கும், பிறகு எடுக்க முடியாது. பப்பாசிக்காய்ச் சலாதில் மீன் சோஸும் காய்ந்த இறாலும் வரும். கொரியக் கிம்ச்சி பார்வைக்கு வெறும் கோவா, உள்ளே பெரும்பாலும் மீன் சோஸோ உப்பிட்ட இறாலோ இருக்கும். ஜப்பானிய மீசோ சூப்பின் அடித்தண்ணீர் காய்ந்த மீனில் எடுத்தது. சீனக் கடைக் கங்குனில் சிப்பிச் சோஸ் போடுவார்கள், மரக்கறி பிரைட் ரைஸில் சொல்லாமலே முட்டை விழும்.

மூன்றாவது: எந்த எண்ணெய், எந்தத் தாச்சி? பன்றி ரோலும் மரக்கறி ரோலும் ஒரே எண்ணெயில் பொரிவது சாதாரணம். அது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் விடுங்கள். பொருட்டு என்றால், பொரித்ததை முற்றாகத் தவிர்ப்பதே வழி.

ஹலால் பார்ப்பவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் கிட்டப் போய்ப் பார்த்து, காலாவதித் திகதியையும் கடையின் பெயரையும் முகவரியையும் சரிபாருங்கள். "பன்றி இல்லை" என்ற பலகை மட்டும் இருந்தால் அது ஹலால் சான்றிதழ் ஆகாது.

பரிமாறுபவர் சிங்களம் பேசுபவராக இருந்தால் இந்தச் சில சொற்கள் போதும். "மேக்கே ஹரக் மஸ் தியெனவத?" என்றால் இதில் மாட்டிறைச்சி இருக்கிறதா என்று பொருள். பன்றிக்கு "ஊரு மஸ்". "மாளு சோஸ் தான்ன எப்பா" என்றால் மீன் சோஸ் போட வேண்டாம். "பித்தர நெத்துவ" என்றால் முட்டை இல்லாமல். இளையவரை "மல்லி" என்றும் மூத்தவரை "அய்யா" என்றும் அழைத்துக் கேட்டால் குசினிக்குள் போய் விசாரித்து வந்தே சொல்வார்கள்.

கச்சான் ஒவ்வாமை உள்ளவர்கள் பாட் தாய் என்ற தாய்லாந்து நூடில்ஸிலும் மலாய்ச் சாத்தேயிலும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். "மேலே தூவ வேண்டாம்" என்று சொல்வது போதாது. சாத்தேயின் சோஸே கச்சானில் செய்ததுதான்.

கந்தசஷ்டி ஆறு நாளும் கடும் விரதம் இருப்பவர்களுக்கு என் நேர்மையான ஆலோசனை: அந்த நாட்களில் இந்தக் கடைகளுக்குப் போக வேண்டாம். எவ்வளவு கேட்டாலும் கரண்டியும் தாச்சியும் பொதுவாகவே இருக்கும். அன்றைக்கு வெளியே சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் முழுச் சைவமாக நடக்கும் வட இந்தியக் கடையோ வெள்ளவத்தைச் சைவக் கடையோ பாருங்கள்.

5. வியட்நாம் கடையில் எதை, எவ்வளவு ஓடர் செய்வது

ஃபோ ஓர் ஆளுக்கு ஒரு கிண்ணம். பகிர்ந்து சாப்பிடும் சாப்பாடல்ல, ஆனாலும் கேட்டால் வெறுங்கிண்ணம் தருவார்கள். நாலு பேர் முதல் தடவை போனால் மூன்று ஃபோ, ஒரு தட்டு ரோல், ஒரு பான் ஸேயோ போதும். பான் ஸேயோ என்பது அரிசி மாவில் மஞ்சள் போட்டு மொறுமொறுப்பாகச் சுடுவது, உள்ளே முளைப்பயறும் வழமையாகப் பன்றியும் இறாலும் இருக்கும். பன்றி வேண்டாமென்றால் சுடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

ரோலில் இரண்டு. கொய் குவன் பொரிக்காதது: கண்ணாடி போன்ற அரிசித் தாளில் இலைகளும் நூடில்ஸும் இறாலும் பன்றியும் சுற்றியது. சா யோ பொரித்தது. பான் மீ என்ற பாண் சான்ட்விச்சில் கோழி என்று போட்டிருந்தாலும் அடியில் பட்டே என்ற ஈரல் விழுது தடவுவது வழக்கம், அது பெரும்பாலும் பன்றி ஈரல். "பட்டே வேண்டாம்" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கொம் தாம் என்பது குறுநல் அரிசிச் சோறு, மேலே சுட்ட இறைச்சி. சோறில்லாமல் வயிறு நிறையாதவர்கள் இதை எடுக்கலாம்.

மெனுவில் சாய் என்ற சொல் சாப்பாட்டின் பெயரோடு ஒட்டி வந்தால் அது சைவ வகை. அதற்கும் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

மாட்டு ஃபோவில் மெல்லிய பச்சை இறைச்சித் துண்டுகளைப் போட்டுக் கொதிசூப்பை ஊற்றுவது ஒரு வகை, முன்பே அவித்த இறைச்சி இன்னொரு வகை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் முற்றாக அவித்ததையே கேட்க வேண்டும்.

கோப்பி குடிப்பவர்கள் வியட்நாம் கோப்பியைத் தவறவிடாதீர்கள். ரின்பால் ஊற்றி, ஐஸ் போட்டு, கடும் டிக்கோஷனாக வரும். சீனி வேறாகக் கேட்காதீர்கள், ரின்பாலே தாராளம்.

6. கிண்ணம் வந்த பிறகு

ஃபோவோடு தனித்தட்டில் துளசி வகை இலை, முளைப்பயறு, தேசிக்காய், மிளகாய் வரும். அவை அலங்காரமல்ல, சாப்பாட்டில் பாதி. பலர் அந்தத் தட்டைத் தொடாமல் வைத்துவிட்டு "சப்பென்று இருந்தது" என்று சொல்லிப் போகிறார்கள்.

முதலில் வெறுஞ்சூப்பை இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள். கறுவா, சுட்ட இஞ்சி, வெங்காயம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பிறகு இலைகளைக் கையால் கிள்ளிப் போட்டு, முளைப்பயற்றை அடியில் அமுக்கி, தேசிக்காயைப் பிழியுங்கள். உறைப்புக்குப் பச்சை மிளகாய் போடுங்கள். மேசையில் இருக்கும் கறுப்பு ஹொய்சின் சோஸையும் சிவப்பு மிளகாய்ச் சோஸையும் எடுத்த உடனே சூப்பில் கொட்ட வேண்டாம். ஹொய்சின் இனிப்பு, சூப்பின் வாசத்தை மூடிவிடும். சின்னத் தட்டில் இரண்டையும் விட்டு இறைச்சியைத் தொட்டுச் சாப்பிடுங்கள்.

அரிசி நூடில்ஸ் சூப்பில் ஊறிக்கொண்டே இருக்கும், கால் மணி நேரம் படம் எடுத்துக்கொண்டிருந்தால் குழைந்துவிடும். வந்த சூட்டிலேயே சாப்பிடுங்கள். குச்சி பழக்கமில்லாவிட்டால் முள்ளுக்கரண்டி கேளுங்கள், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள்.

7. சீன, கொரியக் கடைகளில் அளவு

இலங்கைச் சீனக் கடையில் ஓர் ஆளுக்கு ஒரு பிரைட் ரைஸ் என்று ஓடர் செய்தால் பாதி மிஞ்சும். ஒரு ரைஸே இரண்டு, மூன்று பேருக்குக் காணும். நாலு பேருக்கு ஒரு பெரிய ரைஸ், ஒரு ஹொட் பட்டர் கணவாய், ஒரு கோழிக் கறி, ஒரு கங்குன் என்று தொடங்குங்கள். போதாவிட்டால் பிறகு சொல்லலாம்.

கொரியக் கடையில் நீங்கள் கேட்காமலே கிம்ச்சி, முளைப்பயறு, கீரை என்று நாலைந்து சின்னத் தட்டுகள் வந்து வைக்கப்படும். அவை இலவசம், தீர்ந்துவிட்டால் இன்னும் கேட்கலாம். மேசையிலேயே இறைச்சி சுடும் வகைக்குக் குறைந்தது இரண்டு பேருக்கு ஓடர் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை மெனுவில் இருக்கும். தனியாகப் போகிறவர்கள் பிபிம்பாப் எடுங்கள்: சோறு, மரக்கறி, முட்டை, இறைச்சி, மிளகாய் விழுது எல்லாம் ஒரே சட்டியில். இறைச்சி வேண்டாம் என்றால் எடுத்துவிட்டுத் தருவார்கள்.

8. பில்

பில் வந்ததும் மூன்று இடம் பாருங்கள். நீங்கள் கேட்காத சாப்பாடு ஏறியிருக்கிறதா, தண்ணீர்ப் போத்தல் என்ன விலை, கடைசியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது. போத்தலிலேயே அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் எடுத்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். பில்லை எறியாமல் வைத்திருங்கள், பில் இல்லாமல் முறைப்பாடு நிற்காது.

கார்ட்டில் கட்டினால் மேலதிகமாக 2.5 அல்லது 3 சதவீதம் கேட்கும் கடைகள் இருக்கின்றன. அந்த வங்கிக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. கேட்டால் காசாகவோ லங்கா கியூஆரிலோ கட்டுங்கள். கார்ட்டிலேயே கட்டி மேலதிகம் எடுத்துவிட்டார்கள் என்றால் பில்லோடு உங்கள் கார்ட் வழங்கிய வங்கிக்கு அறிவியுங்கள். சின்னக் கடைகளில் மெஷின் வேலை செய்யாது என்று சொல்லும் நாட்களும் உண்டு என்பதால் கொஞ்சம் காசு கையில் இருக்கட்டும்.

சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருந்தால் டிப்ஸ் கட்டாயமில்லை. உங்களுக்காக மூன்று தடவை குசினிக்குப் போய்க் கேட்டு வந்த தம்பிக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் அவர் கையிலேயே கொடுங்கள்.

9. பார்சல்

பிக்மீ புட், ஊபர் ஈட்ஸ் செயலிகளில் அதே சாப்பாட்டின் விலை கடையிலுள்ளதைவிடக் கூடுதலாக இருக்கலாம். கடை கிட்ட இருந்தால் போனில் சொல்லிவிட்டு நேரே போய் எடுங்கள். எடுத்துச் செல்வதற்குச் சேவைக் கட்டணம் போடாத கடைகள் பல, ஆனாலும் முதலிலேயே கேளுங்கள்.

ஃபோ பார்சலில் சூப்பும் நூடில்ஸும் இலைகளும் தனித்தனியாகத்தான் வர வேண்டும், சேர்த்து ஊற்றித் தந்தால் வீடு வரும்போது களியாகியிருக்கும். வீட்டில் சூப்பை நன்றாகக் கொதிக்கவைத்து, நூடில்ஸைச் சுடுதண்ணீரில் ஒரு தடவை அலசி வடித்து, அதன்மேல் ஊற்றுங்கள். வெதுவெதுப்பான சூப்பில் நூடில்ஸ் பிரியாது, பச்சை இறைச்சித் துண்டும் வேகாது. பொரிக்காத ரோலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அரிசித் தாள் இறுகி வெடிக்கும், அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். பொரித்த ரோல் பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்தே கொண்டு வாருங்கள், மூடினால் ஆவியில் நமத்துவிடும்.